நாமளா, நாங்களா

அந்த வெளிநாட்டு அம்மாள் ஏழாவது முறையாக ‘வீ’ என்று சொன்னபோதுதான் பேட்டரிக்காரருக்கு உறைத்தது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலம் அவருடையது. சார்ஜ், வாரண்டி, ஓவர்லோடு எல்லாம் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டவை. ஐ, யூ, வீ மூன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து எப்படியோ தப்பித்து வந்தவை. மேஜைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் ‘வீ’ என்பார். இந்தப் பக்கம் மாப்பிள்ளை அதை ‘நாம’ என்று தமிழாக்குவார். மறுபடி ‘வீ’, மறுபடி ‘நாம’. காலையிலிருந்து இப்படியே போய்க்கொண்டிருந்தது.

“வர்ற வியாழக்கிழமை நாம ஊருக்குக் கிளம்பறோம். அதுக்குள்ள கையெழுத்து ஆயிட்டா நல்லது” என்றார் மாப்பிள்ளை.

“நானுமா?” என்றார் பேட்டரிக்காரர்.

“என்ன மச்சான்?”

“நாம கிளம்பறோம்னீங்களே. எங்கிட்ட பாஸ்போர்ட் கூட இல்லையே.”

மாப்பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அவங்க ரெண்டு பேரும் கிளம்பறாங்க மச்சான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” என்ன ஏதென்று தெரியாமலே அந்த அம்மாளும் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் முழங்காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நெட்டையனும் சிரித்தான். பேட்டரிக்காரரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஒரு ‘நாம’ சும்மா பேச்சுக்கு வந்தது என்றால், இதற்கு முன்னால் போன ஆறு?

சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது என்று வீட்டில் சொல்வார்கள். தொழிலோடு வந்தது என்று அவர் சொல்வார். புது பேட்டரி என்று ஒருவன் கொண்டுவந்து வைத்தால் மேலே ஒட்டியிருக்கும் தேதியை அவர் படிப்பதே இல்லை. மூடியைத் திருகித் திறந்து, கண்ணாடிக் குழாயால் உள்ளே இருக்கும் அமிலத்தை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்த பிறகும் ஒரு ராத்திரி கடையில் வைத்திருந்து மறுநாள் இன்னொரு தடவை பார்ப்பார். பளபளப்பாகப் பேசுகிற கம்பெனி ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “பேட்டரி பேசாதுங்க, அதனாலதான் அதோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ண முடியுது” என்பார். பக்கத்தில் மனைவி இருந்தால் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளைதான் இவர்களைக் கூட்டிவந்தார். தங்கையின் கணவர். ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து பார்ப்பவர். ஆங்கிலம் நாக்கில் புரளும். அந்த அம்மாளின் கம்பெனி மிகச் சின்னது, மொத்தமே ஆறு பேர் என்றார். பேட்டரி செய்வதில்லை, லித்தியம் பேட்டரிகளை அடுக்கி வைத்த அலமாரிக்கு மூளையாக இருக்கும் மின்னணுப் பலகையைச் செய்கிறார்கள். எந்த செல் சூடாகிறது, எதை நிறுத்த வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். கூரைக்குக் கூரை சோலார் தகடு வந்துவிட்டது. மத்தியானம் வருகிற மின்சாரம் கேட்பாரில்லாமல் போகிறது, சாயங்காலம் ஊரே இருட்டாகிறது. பகலில் வருவதைச் சேர்த்துவைத்துச் சாயங்காலம் கொடுக்கிற வேலைக்கு இனிமேல்தான் காலம். பெரிய கம்பெனிகள் பெரிய பெரிய மின்நிலைய ஒப்பந்தங்களுக்கு அடித்துக்கொள்கின்றன. காய்கறிக் குளிர்அறை, சின்ன ஆஸ்பத்திரி, தண்ணீர் பம்ப் என்று சில்லறையாகக் கிடப்பதை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கேதான் சின்னவர்களுக்கு இடம். ஆனால் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி தனியாக இறங்க முடியாது, உரிமம் உள்ள உள்ளூர்க் கடை ஒன்று கூட நிற்க வேண்டும். இதையெல்லாம் மாப்பிள்ளை ஒரே மூச்சில் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே பேட்டரிக்காரருக்கு மூக்கில் வியர்த்தது.

“ஊர்ல பெரிய பெரிய ஷோரூம் இருக்கு. கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டின பையன்க. அதையெல்லாம் விட்டுட்டு அமில வாடை அடிக்கிற இந்த ஷெட்டுக்கு எதுக்கு வராங்க?” என்று அன்றைக்கே கேட்டார்.

“உங்க நல்ல பேருதான் மச்சான்.”

நல்ல பேரைத் தேடி யாரும் விமானம் ஏறி வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். பதில் அன்று மாலையே கிடைத்தது. சார்ஜ் போடும் மேடைக்குப் பின்னால், மரத்தட்டில், இருபத்தொரு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. வருஷத்துக்கு ஒன்று. அவர் கைப்பட விற்ற ஒவ்வொரு பேட்டரியும் அதில் இருக்கிறது: எந்த வீட்டில், எந்த மூலையில் வைத்தது, அந்த மூலையில் வெயில் படுமா, அந்தத் தெருவில் கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறது, எத்தனை மாதத்தில் பேட்டரியின் முதல் செல் செத்தது, ஏன் செத்தது. யாரும் எழுதச் சொன்னதில்லை. வாரண்டி கேட்டு வருகிறவன் பொய் சொன்னால் பிடிக்கலாமே என்று ஆரம்பித்தது. அந்த அம்மாள் ஒரு நோட்டைப் புரட்டினார். எழுத்துப் புரியவில்லை, ஆனால் எண்கள் புரிந்தன. நெட்டையனைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் நின்றுகொண்டே அரை மணி நேரம் பார்த்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பேட்டரிக்காரர் அன்று சாயங்காலம் நோட்டுகள் அத்தனையையும் வீட்டுக்கு எடுத்துப்போய் துணி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“என் புடவைய எங்க வைக்கறது?” என்றாள் மனைவி.

“ரெண்டு நாளைக்கு வெளிய இருக்கட்டும்.”

“உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இவங்களுக்காக ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அலையறாரே, அதைக் கவனிச்சீங்களா?”

“எனக்காக அலையறார்.”

“அப்படியா? போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அரைநாள் லீவு கிடைக்கலைன்னாரு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியாளை எத்தனை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். வீட்டு மாப்பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு ஒரு அளவில்லையா? ஒப்பந்தத்தை வேறு யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னதற்கும் அதேதான் பதில். அப்படிக் காட்டினால் தங்கை முகத்தில் எப்படி முழிப்பது? அந்தத் தங்கையே முந்தாநாள் வந்து, வந்த காலோடு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: “கையெழுத்துப் போட்டுடுண்ணா. அவருக்கு இதுல ஒண்ணுமே இல்ல. உனக்கு ஒரு வழி பண்ணிடணும்னுதான் துடிக்கறார்.” அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது, மேஜையில், கையெழுத்துக்கான காகிதக் கட்டு விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்தார்.

“அந்த நோட்டைப் பத்தி எழுதியிருக்கிற இடத்த இன்னொரு தடவ படிங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை பக்கத்தைப் புரட்டினார். “கடையில இருக்கிற பழைய பதிவு எல்லாத்தையும் நாம எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, நாம பாதுகாப்பா வச்சிருப்போம். அதை வேற யாருக்கும் கொடுக்கறதா இல்லையான்னு நாம முடிவு பண்ணுவோம்.”

“இது நாமளா, நாங்களா?”

“என்ன மச்சான், காலையிலேர்ந்து…”

“சொல்லுங்க. அந்தம்மா, அந்தத் தம்பி, நீங்க, நான், எல்லாரும் சேந்து முடிவு பண்ணுவோம்னா அது நாம. அவங்க மட்டும்னா அது நாங்க. எது?”

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் மச்சான்.”

பேட்டரிக்காரருக்கு நிஜமாகவே ஆச்சரியமாகிவிட்டது. “அதெப்படி? அப்போ அவங்க ஊர்ல யாரு உள்ள, யாரு வெளியன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறாங்க?”

“பேசற இடத்த வச்சுப் புரிஞ்சுக்க வேண்டியதுதான்.”

“நான் அந்த இடத்துலதான் உக்காந்திருக்கேன், எனக்குப் புரியலையே. அவங்களையே கேளுங்க.”

மாப்பிள்ளை அந்த அம்மாள் பக்கம் திரும்பி நீளமாக என்னவோ சொன்னார். அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, “யெஸ், யெஸ், ஆஃப் கோர்ஸ்” என்றார்.

“எல்லாரையும் சேத்துதான் சொல்றாங்களாம்” என்றார் மாப்பிள்ளை.

பேட்டரிக்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் காது வேறு வேலையில் இருந்தது. ‘வீ’யைப் பற்றிய கேள்வி அது. மாப்பிள்ளை கேட்ட அத்தனை நீளக் கேள்வியில் ஒரு ‘வீ’ கூட இல்லை.

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து பேட்டரி மூடிகள் நான்கை எடுத்துவந்தார். திருகு மரை தேய்ந்துபோன, சிவப்பு நிற பிளாஸ்டிக் மூடிகள். பேட்டரியின்மேல் தேதி எழுதும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டார். காகிதக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மூடிகளை மேஜையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். முதல் மூடியைத் தொட்டு அந்த அம்மாளைக் காட்டினார். இரண்டாவதைத் தொட்டு நெட்டையனைக் காட்டினார். மூன்றாவது மாப்பிள்ளை. நான்காவதைத் தொட்டுத் தன் நெஞ்சில் விரல் வைத்தார். பிறகு சாக்பீஸை அந்த அம்மாளிடம் நீட்டினார்.

“வீ?” என்றார்.

“மச்சான், இதெல்லாம் என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு, அவங்க தப்பா எடுத்துக்கப் போறாங்க” என்று மாப்பிள்ளை கையை நீட்டினார். அதற்குள் அந்த அம்மாள் சாக்பீஸை வாங்கிவிட்டார்.

அவர் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு மாதமாக இன்னொருவர் வாயைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவருக்கு நேராக ஒரு கேள்வி கிடைத்ததில் சந்தோஷம்தான் போலிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்சமும் தயங்காமல் முதல் மூடியையும், இரண்டாவது மூடியையும், மூன்றாவது மூடியையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். நிதானமாக, கோடு எங்கும் விட்டுப்போகாமல் போட்டார். பிறகு நான்காவது மூடியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அதைச் சுற்றித் தனியாக ஒரு வட்டம். இரண்டு வட்டத்தையும் சேர்த்து நடுவில் ஒரு கோடு; அந்தக் கோட்டை அழுத்தி இரண்டு மூன்று தடவை போட்டார்.

“பார்ட்னர்ஸ்” என்றார் அந்தக் கோட்டைத் தொட்டு. நிமிர்ந்து பேட்டரிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

பேட்டரிக்காரர் மூன்றாவது மூடியின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் அந்த அம்மாளைப் பார்த்தார்.

அந்த அம்மாள் மாப்பிள்ளையின் தோளில் லேசாகத் தட்டி, நிறையச் சொன்னார். பெருமையாகச் சொன்னார். அதில் பேட்டரிக்காரருக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல், அதுவும் சினிமாவால் தெரிந்த சொல்: டைரக்டர்.

அவருக்கு வலித்தது. இத்தனை நாளும் இவர்களைத்தான் அவர் மிதவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் எதற்கு அடிக்கடி சிரிக்கிறார், நெட்டையன் எதற்கு ஷெட்டை போட்டோ எடுக்கிறான், தேநீரை எதற்கு மிச்சம் வைக்கிறார்கள் என்று கணக்கில்லாமல் சந்தேகப்பட்டார். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை தங்கள் ஆள் என்பது மச்சானுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்றுதானே நினைத்திருப்பார்கள்? குடும்பமாயிற்றே.

ஒரு வகையில் வியாபாரம்கூட மோசமில்லை. இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு. இதை இப்படியே முதல் நாள் சொல்லியிருந்தால் நோட்டைக் கொடுக்கலாமா, அதற்குப் பதில் என்ன கேட்கலாம் என்று உட்கார்ந்து பேசியிருப்பார். ஒருவேளை மூன்றாம் நாளே கையெழுத்தும் போட்டிருப்பார். மாப்பிள்ளை அவர்கள் கம்பெனியில் சேருவது குற்றமா? நல்லா இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். தங்கைக்குத் தெரியுமா என்ற கேள்வி எழுந்தது. அதை அவர் அப்படியே கீழே அமுக்கினார்.

“என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?” என்றார்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதக் கட்டைப் பார்த்தார். வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

“அது… சும்மா, உங்க கடையைப் பத்தித்தான்…”

“வேண்டாம். அவங்க என்ன சொன்னாங்களோ அத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது.”

குரலில் கோபம் இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்னது இன்னும் போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொண்டு, நிறுத்தி நிறுத்தி, மாப்பிள்ளைக்கு வசதியாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவையும் ‘வீ’ என்றுதான் ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் கையை விரித்து, ம், சொல்லுங்கள் என்பதுபோல மாப்பிள்ளைக்கு வழிவிட்டார்.

மாப்பிள்ளை மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“நாங்க…” என்றார்.

சரியாகத்தான் சொல்கிறார் என்று எண்ணி அந்த அம்மாள், விரலில் சாக்பீஸ் தூளோடு, உற்சாகமாகத் தலையாட்டினார்.