குலுக்கிய ஊசி

“அதைக் குலுக்காதே!”

வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த கொழுந்தியாள், கையில் ஊசிப் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மனைவியின் உடலைக் கூடத்தில் கிடத்தி இரண்டு மணி நேரமாகிறது. பெயிண்டுக் கடைக்காரர் வாய் திறந்து பேசியது இதுதான் முதல் தடவை.

“இனிமே யாருக்கு மாமா?” என்று அவள் உடைந்து அழுதாள்.

புற்றுநோய் மருந்தால் குறைந்த வெள்ளை அணுக்களைக் கூட்ட, அவரே வீட்டில் அவளுக்குப் போட்டுவந்த ஊசி அது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது, போடுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். எல்லாம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. குலுக்கினால் மருந்து கெட்டுவிடும், குலுக்கக் கூடாது என்பதுதான் ஏறவில்லை. முப்பது வருடம் பெயிண்டு டின் குலுக்கிய கை. காபி டம்ளரைக்கூடக் குலுக்கித்தான் குடிக்கும் என்று மனைவி கேலி செய்வாள்.

மூன்றாவது ஊசியைப் பேச்சுவாக்கில் குலுக்கிவிட்டார். உள்ளே நுரை. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, “சாவகாசமா காபி போட்டுட்டு வாங்க, அப்புறம் போட்டுக்கலாம்” என்றாள். திரும்பி வந்தபோது தட்டில் ஊசி தெளிவாக இருந்தது. அடங்கிவிட்டது என்று போட்டுவிட்டார். நான்கு நாளில் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தன் கைதான் அவளைக் கொன்றது என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

மிச்ச மருந்தை எடுத்துப் போக நர்ஸ் வந்தாள். அடுப்படியில் அவளிடம் மட்டும் சொன்னார்.

“மூணாவது ஊசிய நான் குலுக்கிட்டேம்மா. அதையேதான் அவளுக்குப் போட்டேன்.”

 போட்ட ஊசிகளைச் சேர்த்து வைத்திருந்த கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவை நர்ஸ் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். அடியில் ஒன்று மூடிகூடக் கழற்றாமல், மருந்தோடு கிடந்தது. அதில் ஒட்டிய பிளாஸ்திரியில் மனைவியின் கோணல் எழுத்து: ‘குலுக்கியது.’

“ஒண்ணு கை தவறிடுச்சுன்னு அக்கா போன் பண்ணாங்க. பெட்டியில குறைஞ்ச ஒண்ணுக்கு மறுநாள் நான்தான் வேற கொண்டு வந்து வச்சேன். நீங்க போட்டதெல்லாம் நல்ல ஊசி சார். சரியாப் போட்டும் சிலருக்கு இப்படி ஆயிடுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொன்னா அடுத்த ஊசிக்கு உங்க கை நடுங்கும்னு நெனச்சிருப்பாங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குடும்மா, நானே வண்டி வரைக்கும் கொண்டாரேன்” என்றார்.

டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திப் படியிறங்கினார். உள்ளே ஒரு ஊசிகூடச் சத்தம் போடவில்லை.