சீமாட்டிக்குள் இரண்டு வட்டங்கள்

சீமாட்டிக்குப் பத்தொன்பது வயது முடிந்திருந்தது. குதிரைக்கு அது பேரன் பேத்தி எடுக்கிற வயது, எடுத்தும் இருந்தாள். அந்தக் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் நின்ற பதினோரு குதிரைகளில் நான்கு அவள் வயிற்றில் பிறந்தவை. ஆனால் கடைசிக் குட்டி போட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது.

பள்ளியை நடத்தியவர்கள் ஒரு அண்ணியும் நாத்தனாரும். அண்ணி லாயத்தைப் பார்த்துக்கொண்டாள், நாத்தனார் சவாரி கற்றுக்கொடுத்தாள். ஒருத்திக்குப் புருஷனும் இன்னொருத்திக்கு அண்ணனுமானவர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டுக்கு வருவார். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பெண்டு நிமிர்த்திவிடுவார்கள்.

போன வருஷம் நடந்ததை நினைத்தால் அண்ணிக்கு இன்னும் காது மடல் சூடாகும். அப்போது வந்த டாக்டர் ஸ்கேனில் ஒரு கறுப்பு வட்டத்தைப் பார்த்ததுமே, "சினை பிடிச்சாச்சு" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் நாத்தனார் தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். தபால்காரர்கூட நின்று வாழ்த்துச் சொன்னார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வட்டம் கடுகளவும் வளராமல் அப்படியே கிடந்தது. வயதான குதிரைகளின் கருப்பையில் வருகிற வெறும் நீர்க்கட்டி! "குட்டி எப்போ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி அண்ணிக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

இந்த வருஷம் வேறு டாக்டர். நடுவயதுப் பெண், எதையும் அளந்து பேசுகிறவள். ஆண் குதிரையோடு சேர்ப்பதற்கு முன்பே சீமாட்டியை முழுக்கச் சோதித்துவிட்டுச் சொன்னாள்:

"முட்டை எல்லாம் இவ பிறக்கும்போதே கூடப் பிறந்தது. இவளுக்குப் பத்தொன்பதுன்னா அதுக்கும் பத்தொன்பது. கருப்பையும் களைச்சுப்போயிருக்கு. அழுக்குத் தண்ணியைத் தானா வெளியே தள்ளுற தெம்பு இல்ல. முயற்சி பண்ணலாம். வாக்குக் கொடுக்கமாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. சேர்த்த மறுநாளே வந்து கருப்பையைக் கழுவிவிட்டாள். வயதானதில் பிறப்புறுப்பு தொய்ந்துபோய், காற்றும் லத்தியும் கருப்பைக்குள் போக வழியாகியிருந்தது. அந்த இடத்தில் நாலு தையலும் போட்டாள். சீமாட்டி மருந்து மயக்கத்தில் கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாருக்கோ நடப்பதுபோல நின்றாள்.

பதினாலாம் நாள் ஸ்கேன். டாக்டர் தோள் வரை நீளமான கையுறையை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை உள்ளே விட்டாள். அண்ணி குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன.

"ரெட்டையா?" நாத்தனாரின் குரல் கீச்சிட்டது.

"அவசரப்படாதீங்க. ஒண்ணு பழைய கட்டி, முன்னாடியே குறிச்சு வெச்சிருக்கேன். இன்னொண்ணு கருவா இருக்கலாம். இந்த வயசுல புதுசா ஒரு கட்டி முளைச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது டாக்டர்?" என்றாள் அண்ணி.

"இந்த நாள்ல கரு ஒரு இடத்துல நிக்காது, கருப்பை பூரா சுத்தும். கட்டி இருக்கிற இடத்தைவிட்டு அசையாது. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்ப்போம்."

டாக்டர் மற்ற குதிரைகளின் பல்லைப் பார்க்கப் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் டீயோடு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, எனக்கும் நாலு மாசமா தீட்டு நின்னுபோச்சு."

"அடிப்பாவி, சொல்லவே இல்லையே!"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? இடுப்புவலி இல்ல, எரிச்சல் இல்ல. ராஜாத்தி மாதிரி இருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நிம்மதியாக இருந்தாள்.

"அப்புறம் இவளை மட்டும் ஏன் அண்ணி நாம விடமாட்டேங்கிறோம்?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இவ குட்டிங்க அளவுக்குப் பொறுமையான குதிரை நமக்கு வெளியில கிடைக்கல. அந்த ஆசைதான், வேற என்ன?" என்றாள் கடைசியில். "சரி, இதோட நிறுத்திக்கலாம். உள்ள இருக்கிறது கட்டியா இருந்தாலும் சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

மனசு லேசாகிவிட்டது. டாக்டர் திரும்பி வந்து மறுபடி கையை விட்டபோது அண்ணி திரையைக்கூடப் பார்க்கவில்லை. சீமாட்டியின் நெற்றியை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு அங்கேயேதான் இருக்கு. இன்னொண்ணைக் காணோம்" என்றாள் டாக்டர். கை மெல்ல மறுபக்கம் போனது. "ஆ… இங்க வந்து உட்கார்ந்திருக்கு, திருடி."

நாத்தனார் போட்ட கூச்சலில் சீமாட்டி மிரண்டு, டாக்டரின் ஏப்ரன் மேலேயே லத்தி போட்டாள். டாக்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள். துடைத்துக்கொண்டே, "நாப்பது நாள் தாண்டட்டும். வயசானவளுக்கு இடையில கலைஞ்சுபோறது ஜாஸ்தி" என்றாள்.

நாற்பது நாளும் நாத்தனார் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழாம் நாள் திரையில் ஒரு புள்ளி மினுக்மினுக்கென்று துடித்ததைப் பார்த்தபோது மட்டும் அண்ணியின் கையைக் கிள்ளிவைத்தாள். தழும்பு மூன்று நாள் இருந்தது.

பதினோரு மாதம் போய், மேலும் பதினெட்டு நாள் காக்கவைத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் குட்டி வந்தது. தையலை டாக்டர் முன்பே பிரித்துவிட்டிருந்தாள். பெண். மூத்தவற்றைவிடச் சின்னது, கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. வயதான கருப்பையால் அவ்வளவுதான் ஊட்டமுடிந்திருக்கிறது என்று டாக்டர் நஞ்சுக்கொடியை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிழிசல் இல்லை, முழுசாக வந்திருந்தது. பாலும் இருந்தது.

குட்டி மூன்று முறை விழுந்து நாலாவது முறை நின்றது. நின்றதும் மடியைத் தேடிக்கொண்டு அம்மாவின் முன்னங்கால்களுக்கு இடையில் முட்டியது, பிறகு சுவரில் முட்டியது, பிறகு அண்ணியின் முழங்காலில் வந்து முட்டியது.

"அது நான் இல்லடி" என்று அண்ணி அதைத் திருப்பிவிட்டாள். கடைசியில் சரியான இடத்தைப் பிடித்துச் சப்புக்கொட்டத் தொடங்கியதும், ஈர வைக்கோல் என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.