எட்டாயிரத்து எண்பது

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பகலெல்லாம் ஒரு கம்பெனியின் இருநூறு சர்வர்களுக்குச் சேவகம் செய்பவள் நான். என் வீட்டில் துணி அலமாரிக்குக் கீழே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வராக ஓடுகிறது. அதைத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்ததில்லை. நேரம் இருந்தபோது மனசு இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு இன்னொரு திரையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் அந்தப் பெட்டியை நம்பித்தான் அப்பா வெளியே போய் வந்துகொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மறதி. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை, காலையில் எழுந்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று எங்களையே மரியாதையாக விசாரிக்கும் மறதி. கால்களுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. தோன்றியபோது கதவைத் திறந்து கிளம்பிவிடுவார். தெருமுனைத் தையற்கடை வாசலில் இருக்கும் பெஞ்சு வரை போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார். திரும்பும் வழி சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே பல்லவிதான்: "பூட்டு போடுடி."

நான் மாட்டேன் என்றேன். அவருக்கு மிச்சம் இருந்த சந்தோஷம் அந்த பெஞ்சு ஒன்றுதான். கதவில் ஒரு சென்சார் ஒட்டினேன். கதவு திறந்தால் அது பெட்டிக்குச் சொல்லும். பெட்டி என் போனிலும் தம்பி போனிலும் மணி அடிக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி உடனே எழுந்து, பத்தடி தள்ளி அப்பாவின் பின்னால் நடப்பான். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அப்பா தொலையவில்லை. "ஒரே ஒரு தடவை இது சொதப்பட்டும், அன்னிக்கே பூட்டு," என்றாள் அக்கா. நானும் சரி என்றேன். வாய்ச்சவடால், வேறென்ன.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் கரண்ட் போய் வந்திருக்கிறது. ஆபீசில் இருந்த எனக்கு அது தெரியாது. போன் சத்தமில்லாமல் கிடந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதி நானே கேட்டு வாங்கியது. நாள் முழுக்க ஆபீஸ் அலாரங்களோடு மாரடிப்பவள், வீட்டு அலாரமாவது அநாவசியமாக வாயைத் திறக்கக் கூடாது என்று, 'நான் நன்றாக ஓடுகிறேன்' என்று தினமும் அது அனுப்பிய ஒரு வரிச் செய்தியைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அப்பாவின் செருப்பு இருந்தது, அப்பா இல்லை.  தம்பி தன் அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தையற்கடையில் இல்லை. அக்காவுக்குப் போன் செய்துவிட்டு நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தாள், மெயின் ரோட்டைத் தாண்டி, ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில். நான் போனபோது வரிசையில் எட்டாவது நாற்காலியில் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. வெறுங்கால்.

"ஏற்கெனவே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துட்டாரும்மா," என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண். "வாயத் தொறந்தா ஒரு பல்லுகூட இல்ல. டாக்டரே சிரிச்சிட்டாரு. அப்புறமும் வந்து இன்னொரு டோக்கன் கேட்டாரு. பாவமா இருந்துச்சு, குடுத்தேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் அப்பாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, முழங்காலைக் கழுவி மருந்து போட்டு அவரைப் படுக்கவைத்த பிறகு, அலமாரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு சர்வரில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, போர்ட் என்போம். சென்சாரோ போனோ அந்த எண்ணைச் சொல்லித்தான் அந்த வேலையைக் கூப்பிட முடியும். ஒரே எண்ணில் இரண்டு வேலைகள் உட்கார முடியாது. ஒரே உறையில் இரண்டு கத்தி கதைதான். கதவு மணி எட்டாயிரத்து எண்பதில் இருந்தது. போன மாதம் தம்பி சினிமா பார்க்க ஏற்றிய ஒன்றும் அதே எட்டாயிரத்து எண்பதில். கரண்ட் வந்து பெட்டி மறுபடி எழுந்ததும் சினிமா முந்திக்கொண்டது. கதவு மணி மூன்று முறை முயன்றுவிட்டு, 'இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் படுத்துவிட்டது. மணி இரண்டு பத்து.

"உன் சினிமாவுக்கு வேற நம்பரே கெடைக்கலையாடா?" என்று கத்தினேன். "அப்பாவ லாரி அடிச்சிருந்தா?"

தம்பி போனை எடுத்து, தேடி, என்னிடம் நீட்டினான். போன மாதம் அவன் கேட்டிருந்தான்: 'சின்னக்கா, எந்த நம்பர் போடட்டும்?' அதன் கீழே என் பதில்: 'எதையாவது போட்டுத் தொலை. என்னை விடு.'

"நீ டயர்டா இருந்தே," என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்றும் இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. இந்த மோதல் எனக்குப் புதிதில்லை. போன மாதமே இரண்டு முறை இப்படி ஆனபோது நான்தான் பார்த்தேன். எண்ணை மாற்றாமல், சினிமாவை நிறுத்தி, கதவு மணியை முதலில் எழுப்பி, எண் பறிபோனால் தானாக அடுத்த எண்ணுக்கு நகர்ந்துகொள்ளும் சினிமாவைப் பிறகு எழுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆபீசில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

சினிமாவின் எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியை நான்கு முறை அணைத்து எழுப்பினேன். நான்கு முறையும் கதவு மணி எழுந்தது. அக்காவைக் கூப்பிட்டு, கதவைத் திறந்து காட்டினேன். இரண்டு போனும் அலறின.

"இப்ப அடிக்குது," என்றாள். "ஏழு மாசம் முன்னாடியும் இப்படித்தான் அடிச்சுக் காட்டினே."

"இனிமே அந்த மாதிரி ஆகாதுக்கா. என்ன தப்புன்னு தெரிஞ்சுபோச்சு."

"இந்தத் தப்பு தெரிஞ்சுபோச்சு." அவள் உட்கார்ந்துவிட்டாள். "மெயின் ரோட்டத் தாண்டியிருக்காருடி. எப்படித் தாண்டினாருன்னு நெனச்சா எனக்குக் குலை நடுங்குது. நீ மட்டும் சரின்னு சொல்லு, நான் போய்டறேன். உன்னால பாத்துக்க முடியும்னு சொல்லு."

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பெட்டியை நம்பலாம். என்னை நம்ப முடியாது என்பதுதான் எனக்கு அன்று உறைத்தது. அலுப்பு வந்தால் நான் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை என்பேன்.

மறுநாள் காலையில் தச்சரை வரவழைத்துக் கதவில் பூட்டு வைத்தோம். தம்பியிடம் ஒரு சாவி, என்னிடம் ஒன்று. அப்பா பக்கத்தில் நின்று, தச்சர் கேட்ட திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பூட்டினேன். நான்கு படி இறங்குவதற்குள் கைப்பிடி அசைந்தது. பிறகு மெல்ல இரண்டு தட்டு.

"யாரும்மா வெளியில?" அப்பாவின் குரல். "நான் உள்ள இருக்கேன். மறந்து பூட்டிட்டீங்க போல. பரவாயில்ல, மெதுவாத் தொறங்க."

படியேறிக் கதவருகே போனேன். சாவி கையில்தான் இருந்தது.

"மறக்கலப்பா," என்றேன். "தெரிஞ்சுதான் பூட்டினேன்."

கைப்பிடி மறுபடி ஒருமுறை அசைந்து நின்றது.

"அப்படியா," என்றார். "சரிம்மா."