கயாக்கில் இரண்டே இருக்கைகள்

1.
இந்தக் கதை கைபேசியில் பார்த்த ஒரு விளம்பரத்தில் பிறந்தது. திருகோணமலையில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டலாம், கண்ணாடி மாஸ்க் மாட்டிக் கடலுக்குள் மீன் பார்க்கலாம், வழிகாட்டி கூடவே வருவார். எங்கள் மாத்தளையில் கடல் இல்லை. எனக்கு இருப்பது நாட்குறிப்பும் மாலை வகுப்பும்தான். வகுப்புக்கு ஒரு கதை கேட்டிருக்கிறார்கள்.

"நீலக் கடல் என்னை…" (வெட்டிவிட்டேன். எல்லாருடைய கடலும் நீலம்தான்.)

"மீன்கள் கூட்டமாக…" (எந்த மீன்? எனக்குத் தெரிந்தவை சந்தையில் படுத்திருப்பவை.)

பார்க்காமல் எழுத வரவில்லை. போக வேண்டும். அதற்கு உம்மா விட வேண்டும்.

2.
தோழி ஜெஸ்லாவும் நானும் தேடியதில் இரண்டு பயணங்கள் மிஞ்சின. ஒன்றில் பெரிய படகு, பெருங்கூட்டம். மற்றதில் இருவர் அமரும் கயாக். ஜெனிஸ்டா என்ற பெண் வழிகாட்டி தன் கயாக்கில் பக்கத்திலேயே வருவார். நான் முறையாக ஒப்பிட்டேன்: உயிர்காப்பு அங்கி, நிழல், தொழ இடம்.

ஜெஸ்லா ஒன்றைத்தான் பார்த்தாள். "படகுன்னா ஒங்கட உம்மாவும் ஏறிருவாங்க. இதுல ரெண்டே சீட். யோசி புள்ள!"

ஆகவே கயாக். மாஸ்க்கும், நீருக்கடியில் மூச்சுவிட அதோடு வரும் குழாயும் வாங்கிவிட்டேன்.

3.
(இங்கேதான் ஒரு பாத்திரம் எனக்கு அடங்கவில்லை.) "உம்மா கதவை மறித்து நின்று…" என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவர் அடுப்படியில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார், என் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு.

"உம்மா! அது கடலுக்கு!"

"கண்ணு எரியவே இல்ல புள்ள!" வாயிலிருந்து மாஸ்க்கின் குழாயை எடுத்தார். "இந்த நெடியே உள்ளுக்கு வரல்ல. தண்ணியா வரப்போகுது? நானும் வாறேன்."

வாசலில் நின்ற ஜெஸ்லா தும்மினாள். "ரெண்டு சீட்தான் மாமி."

"எனக்கும் என்ட மகளுக்கும். கணக்கு சரிதானே?"

"அப்ப நான்?"

"நீ வழிகாட்டியோட ஏறு. ஒனக்குத்தான் வழி தெரியாது."

நானும் தும்மினேன். அனுமதி கிடைத்தது இப்படித்தான். (வகுப்பில் நம்பமாட்டார்கள்.)

4.
ஜெனிஸ்டா குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். "மிஸ், முன்னுக்கு இருக்கிறவங்க மொதல்ல மீனப் பார்ப்பாங்க. பின்னுக்கு இருக்கிறவங்கதான் திருப்பணும். யாரு எங்க?"

முடிவு அ: நான் பின்னால். உம்மா முன்னாலிருந்து, "அந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" நாங்கள் வட்டமிடுகிறோம்.

முடிவு ஆ: உம்மா பின்னால். நேராகப் போகிறோம், அவர் நினைத்த இடத்துக்கு. ஆனால் முதல் மீன் எனக்கு.

எனக்கு இரண்டு முடிவும் வேண்டும். ஆகவே:

முன்: ………
பின்: ………

நீங்களே நிரப்புங்கள். பென்சிலால் எழுதுங்கள். உம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார், மாஸ்க்கைக் கழற்றாமலே.