1587 என்று செதுக்கிய கூடம்

ஹார்கோம்ப் மாளிகையில் நாற்பத்தேழு அறைகள். ஆம்புரோஸ் தெல்வால் அவற்றில் இரண்டில்தான் வாழ்ந்தார். ஒன்றில் படுக்கை; இன்னொன்றில் அடுப்பும், முப்பது வருடமாக அவர் எழுதிக்கொண்டிருந்த மாளிகையின் வரலாறும். மற்ற அறைகளில் போர்க்காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போன இரும்புக் கட்டில்களும், ஒழுகும் இடங்களில் வைத்த வாளிகளும் கிடந்தன. வீடு அவருடையதல்ல, கனடாவில் இருக்கும் அண்ணன் மகனுடையது. இடித்துவிடப் போவதாக அவன் கடிதம் போட்டிருந்தான்.

பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் அரசாங்கப் பட்டியலில் ஏறினால் வீடு பிழைக்கும். வீடு அதற்குத் தகுமா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஹெஸ்டர் பிம் வந்தாள்.

"பேசி நாலு நாளாச்சு. குரல் கரகரன்னுதான் வரும், தப்பா நினைக்காதீங்க" என்றபடி கதவைத் திறந்தார் ஆம்புரோஸ்.

அவள் அளந்தாள், அவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு நாளும் அவர் வாய் ஓயவில்லை. அவளும் கேட்டுக்கொண்டாள். மத்தியானம் தகரடப்பா மத்தி மீனை ரொட்டியில் வைத்து இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், பெரிய கூடத்தின் மரக்கூரையைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள். முகமெல்லாம் தூசி, சிரிப்பு.

"மிஸ்டர் தெல்வால், இந்தக் கூடம் ஒண்ணே போதும்! கணப்புக்கு மேல 1587ன்னு செதுக்கியிருக்காங்களே, அது நிஜம். உங்க அண்ணன் மகனால இனி ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது."

இதற்காகத்தான் அவர் மாசக்கணக்கில் காத்திருந்தார். ஆனாலும் அருகிலிருந்த கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வந்தார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா 1834இல் ஒரு தச்சனுக்கு எழுதியது. தீயில் போன கூடத்துக்குப் பதில் பழங்காலப் பாணியில் ஒன்று கட்டு, மரம் கறுத்துப் பழசாய்த் தெரியக் கரியும் வால்நட் சாறும் தேய், 1587 என்று செதுக்கு, வருகிறவன் நம்ப வேண்டும் என்றிருந்தது.

ஹெஸ்டர் இரண்டு முறை படித்தாள்.

"இது எப்போ கிடைச்சது?"

"பன்னிரண்டு வருஷமாச்சு."

"இதை ஏன் என்கிட்ட காட்டினீங்க? காட்டாம இருந்தா வீடு நின்னிருக்குமே!"

"இத்தனை வருஷமா இதைச் சொல்ல ஆளே இல்ல, மிஸ் பிம். நீங்களும் நாளைக்குப் போயிடுவீங்க."

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "பத்து வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஒரு தச்சன் என்னை முட்டாளாக்கிட்டான்."

"நீங்க மட்டும் இல்ல. நானும் அதை நம்பி நூறு பக்கம் எழுதியிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் அவள் போனாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். வீடு பட்டியலில் ஏறவில்லை.

செப்டம்பரில் இடிக்க வந்தார்கள். முதல் நாள் மட்டும் ஆம்புரோஸ் புல்வெளியில் நின்று பார்த்தார். கூரை விழுந்தபோது காக்கைகள் எழும்பி, உட்கார இடம் தெரியாமல் சுற்றின. அவர் லட்லோ ஊரில் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனார். ஒரே அறை என்பதால், அங்கே தனிமை இன்னும் கிட்டத்தில் இருந்தது.

நவம்பரில் ஹெஸ்டரிடமிருந்து நாலு வரி வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு மாளிகை; பெட்டி நிறையப் பழங்கடிதங்கள்; அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும்; வியாழக்கிழமை வர முடியுமா?

வியாழன் காலை, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றார். பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்மணி, "எங்கே பயணம்?" என்றாள்.

"வேலைக்குப் போறேன்" என்றார் ஆம்புரோஸ். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்.