நான்கு முதல் ஆறு வரை

தேவாலயக் கூடத்தின் முன்பதிவு நோட்டு இர்மாவிடம்தான் இருக்கும். அவர் எனக்கு நிச்சயமான வெர்னின் அம்மா. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தேவாலயத்தில் பியரோகிக் கொழுக்கட்டை விற்பார்கள். முந்தைய நாள் நாங்கள் பத்துப் பெண்கள் கூடி, மாவு வட்டங்களுக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடுவோம். அந்த வியாழக்கிழமையும் இர்மா கிள்ளிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நடீன், கல்யாணத் தேதி சொல்லு. ரெண்டு வருஷத்துக்கு இப்பவே கூடம் நிறைஞ்சு போச்சு."

"எந்த வருஷம்னே தெரியல, தேதிக்கு நான் எங்க போறது?"

"அப்போ ஜெயில்லயே பண்ணிக்கோ. பத்து நிமிஷ வேலை."

"அக்கார்டியன் இல்லாம, உங்க பியரோகி இல்லாம, பின்னால காவலர் நிக்கவா? மாட்டேன்."

"பிடிவாதம், பிடிவாதம். என் பிள்ளைக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி வந்திருக்க" என்று அவர் மாவுக் கையால் என் மூக்கைத் தட்டினார்.

வெர்ன் கூரை வேய்பவன். எங்கள் நிச்சயம் முடிந்த ஐந்தாம் மாதம், ஒரு நவம்பரில், மதுக்கடை வாசலில் ஒருவனை இரும்புக் குழாயால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டான். அன்றே அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். செய்ததை அவனே ஒப்புக்கொண்டான். நானும் அதைச் சின்ன விஷயம் என்று யாரிடமும் சொன்னதில்லை. நீதிபதி ப்ரூயிட் விதித்த தண்டனை 'நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை'. எங்கள் ஒஹையோ மாநிலத்தில் பெரிய குற்றங்களுக்கு அப்படித்தான். நான்காம் ஆண்டு முடிந்ததும் வெளியே வரலாம். வரவிடாமல் ஆறு ஆண்டுகள் வரை வைத்திருக்கவும் சிறைத்துறைக்கு அதிகாரம் உண்டு. எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்த இரண்டு வருடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் எந்தத் தேதியைச் சொல்வேன்?

மேல்முறையீட்டுக்கு அரசே நியமித்த வழக்கறிஞர் பெவர்லி ஆட்கின்ஸ். எந்நேரமும் வாயில் இருமல் மிட்டாய் ஒன்றை ஒதுக்கிவைத்திருப்பார்.

"தண்டனை எவ்வளவுன்னு சொல்றது கோர்ட்டோட வேலை" என்று எனக்கு விளக்கினார். "இங்க என்ன நடக்குது? ஜெயில்காரங்களே குத்தம் சாட்டுறாங்க, அவங்களே விசாரிக்கிறாங்க, அவங்களே ரெண்டு வருஷம் கூட்டுறாங்க. அரசியல் சட்டம் இதுக்கு இடம் குடுக்கலன்னுதான் நான் வாதாடப் போறேன். ஜெயிச்சா ஆறு போயிடும். வெறும் நாலு."

"வெறும் நாலுன்னா தேதி எழுதிடலாம்."

"எழுதிடாத. இதே வாதத்த வச்சு நிறைய பேர் தோத்திருக்காங்க."

மறுவாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். பெவர்லிக்குப் பதினைந்து நிமிடம். நான் முன்வரிசையில் இருந்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே நடுவில் இருந்த பெண் நீதிபதி கையை உயர்த்தினார்.

"தண்டனை சொன்ன அன்னைக்கு உங்க கட்சிக்காரரோட வக்கீல் இதுக்கு ஆட்சேபணை சொன்னாரா?"

"இல்லைங்க" என்றார் பெவர்லி.

தண்டனை விதித்த அன்று வெர்னுக்காக வேறொரு வழக்கறிஞர் ஆஜராகியிருந்தார். ஒரே காலையில் ஏழு வழக்குகளுக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தவர். 'ஆட்சேபிக்கிறேன்' என்ற ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. கீழ் நீதிமன்றத்தில் சொல்லாததை மேலே வந்து கேட்டால் அதற்குப் பாதி மதிப்புக்கூட இல்லையாம். திரும்பும் வழியில் காரில் நான் அழுதேன். பெவர்லி ஒரு இருமல் மிட்டாயை என் பக்கம் நீட்டினார்.

மே மாதம் அவர் போன் செய்தார்.

"தோத்துட்டோம், நடீன். சட்டம் செல்லும்னு எழுதிட்டாங்க. ஆனா தீர்ப்போட பதினோராம் பக்கம் வேற கதை. இந்த மாதிரி தண்டனை குடுக்கும்போது சில விஷயங்கள நீதிபதி வாயால, குற்றவாளியோட முகத்தப் பார்த்துச் சொல்லணும். ப்ரூயிட் அத மறந்துட்டார். திரும்பக் கூட்டிட்டு வந்து சொல்லணுமாம்."

"தண்டனை குறையுமா?"

"ஒரு நாள்கூடக் குறையாது."

ஜூலையில் நான்கு மணிநேரப் பயணம் செய்து வெர்ன் எங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தான். மெலிந்திருந்தான். சிறையில் பார்க்கும்போது இருக்கும் கண்ணாடித் தடுப்பு இல்லாமல், பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றான். இர்மா என் முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி ப்ரூயிட் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார். "குறைஞ்சபட்சம் முடியுற அன்னைக்கே உன்னை விடணும்னுதான் சட்டம் எடுத்துக்கும். வச்சுக்கணும்னு நினைச்சா, ஏன்னு ஜெயில்தான் விசாரணை நடத்திக் காட்டணும். நீ அடிதடி, விதிமீறல் மாதிரி ஏதாவது செஞ்சு, அதனால உன்னை வெளிய விட்டா ஆபத்துன்னு காட்டணும். அப்படிக் காட்டலன்னா வைக்க முடியாது. ஆறு வருஷம் ஆயிட்டா எப்படியும் விட்டே ஆகணும். புரியுதா?"

வெர்ன் விரல்விட்டு எண்ணினான்.

"நான் ஒழுங்கா இருந்தா நவம்பர் இருபத்தொண்ணுங்களா, ஐயா? இன்னும் ரெண்டு வருஷம் நாலு மாசம்?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நாலை நான் நம்பியிருப்பேன். இத்தனை நாளா ஆறைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"அது என்னோட தப்பு" என்றார் நீதிபதி. "வேற ஏதாவது கேக்கணுமா?"

"உங்ககிட்ட இல்லைங்க. அவகிட்ட."

பெவர்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார்.

"நடீன்" என்றான் வெர்ன். "இனிமே யார் மேலயும் கை வைக்க மாட்டேன். என்னையே ஒருத்தன் அடிச்சாலும் சரி. நான் வெளிய வர்றதுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணத்த வச்சுக்கலாமா?"

தலையை ஆட்டப் போனேன். அதற்குள் நீதிபதி கைபேசியில் அந்த வருட நாட்காட்டியைப் பார்த்திருந்தார்.

"அந்தச் சனிக்கிழமை வேண்டாம். அன்னைக்கு மிச்சிகன்காரங்களோட கால்பந்து ஆட்டம். யாரும் வர மாட்டாங்க."

"பாதிரியாரே வர மாட்டார்!" என்றார் இர்மா, கூண்டில் சாட்சி சொல்வதுபோல. காவலர்கூடச் சிரித்துவிட்டார்.

"அதுக்கும் அடுத்த சனிக்கிழமை" என்றேன் நான்.

வெர்ன் தலையசைத்தான். அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். இர்மா கைப்பையைத் திறந்து, கூடத்து நோட்டை எடுத்தார்.

"கொண்டுவந்திருக்கீங்களா?"

"ஒரு வருஷமா இதத் தூக்கிட்டுத்தான் அலையறேன். அந்தப் பெஞ்சு மேல வச்சு எழுது. தேதிய நிதானமா எழுது."