உம்மு ஈசா கேட்ட கேள்வி

எங்கள் பெண்கள் மஜ்லிஸில் யாரும் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது என்பது ஷர்புன்னிசா ஆலிமா போட்ட சட்டம். கள்ளக்குறிச்சியில் அவரிடம் ஓதிய பெண்களெல்லாம் டெலிகிராமில் சேர்ந்து மார்க்கக் கேள்வி கேட்கும் குழு அது. முதல் பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'உம்மு', அதாவது தாய், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். உம்மு ரிஸ்வான், உம்மு சல்மா, இப்படி. இந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று யாருக்குத் தெரியாது? நல்ல மறைப்புதான் போங்கள்.

என் நாத்தனார் ஹப்சாதான் உம்மு ரிஸ்வான். அவளுக்கு இந்த மாற்றுப் பெயர்களே பிடிக்காது. "மறைஞ்சிக்கினு கேக்கறவளுக்கு இன்னாத்துக்கு பதில் சொல்லணும்? தைரியமா பேரச் சொல்லிட்டு கேக்கட்டும்" என்று குரல் பதிவு போடுவாள். "பேரக் கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டாம்மா" என்பார் ஆலிமா. இந்தச் சண்டை ஓயாது.

என் மகள் ஹானியாவின் பெயரைப் போட்டால் ஹப்சா உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உம்மு ஈசா என்று போட்டுக்கொண்டேன். ஈசா என் மூத்த பிள்ளை. பிறந்த அன்றே போய்விட்டான். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பிள்ளையை அடக்கிவிட்டு வந்த என் கணவர் தௌசிப், "ஈசான்னு பேரு வச்சிட்டேன் ஜன்னத்து" என்று காதோடு சொல்லி அழுதார். அதற்கப்புறம் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குப் போர்வை வியாபாரம். கரியாலூர் பக்கம் மலைமேல் போய், கட்டிய மூட்டை பிரிக்காமல் திரும்பி வந்த ஒரு நாள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் மூன்று தடவை தலாக் சொன்னார். மறுநாள் காலையில் டீ கேட்டார். "நேத்து சொன்னது?" என்றேன். "சும்மா சொன்னதுடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிச் சொல்வது செல்லாது என்று சட்டமே வந்துவிட்டதாம். இருக்கட்டும். நாளை மறுமையில் என்னிடம் கேட்கப்போவது சட்டமா? இந்த மனிதரோடு நான் படுப்பது ஹலாலா, ஹராமா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் என்னைப் பெற்ற அத்தாவிடம் சொன்னால் ஜமாத்தைக் கூட்டிவிடுவார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம் வேறு. அதனால்தான் உம்மு ஈசாவாகக் கேட்டேன்.

ஆலிமா நல்லவர். தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடப் பயந்து, பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்தான தன் கணவரிடம் கைபேசியைக் காட்டியிருக்கிறார். அசரத்தும் நல்லவர்தான். பெயரைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கடைக்கே போய் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருக்கிறார். இரண்டு நல்லவர்கள் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்கள்.

மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நீதான் உம்மு ஈசாவா?"

கைபேசியைத் தலையணைக்கடியில் தள்ளினேன்.

"அசரத்து எனக்கு ஓதிவுடறாரு. கபர்ஸ்தான்ல, புள்ளைக்கு பேரு இன்னான்னு அவருதான் கேட்டாரு. அத்தன பேரு முன்னால நாந்தான் சொன்னேன். செத்த புள்ள பேர வச்சிக்கினு என் மானத்த வாங்கறியா?"

அடித்தார். ஹானியா பார்த்துக்கொண்டிருந்தாள். அடிகூட வலிக்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே பெயரையும் பிடுங்கிக்கொண்டாரே, அதுதான் வலித்தது.

அவர் கடைக்குப் போனதும் கைபேசியை எடுத்தேன். பயம் விட்டுப் போயிருந்தது. "நான் ஜன்னதுல் பிர்தௌஸ். போர்வைக்கடை தௌசிப் சம்சாரம். போன கேள்வி நான் கேட்டதுதான். இப்போது பேரைச் சொல்லிவிட்டேன். பதில் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

எப்போதும் சலசலக்கிற குழு அது. யாரோ எழுதுகிறார்கள் என்று காட்டியது, நின்றுவிட்டது. பிறகு நான் எழுதியதே காணாமல் போனது.

ஹப்சா போன் போட்டாள். "இன்னா காரியம் பண்ணி வச்ச? குடும்ப விஷயத்துல பேரப் போட்டா கேப்பாங்க?"

"நீங்கதானே பேரச் சொல்லிட்டு கேக்கச் சொன்னீங்க?"

வைத்துவிட்டாள். அடுத்தது ஆலிமா. "உன் நல்லதுக்குத்தான்மா அழிச்சேன்" என்றார்.

"பதில் இன்னா ஆலிமா? அத மட்டும் சொல்லிடுங்க."

"உன் வூட்டுக்காரரு சொல்லவே இல்லன்னு அசரத்துகிட்ட சத்தியம் பண்ணிட்டாரும்மா. நான் இன்னான்னு சொல்ல?"

நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். அதற்கு மதிப்பில்லை. இப்போது மஜ்லிஸில் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. நோன்பு, தொழுகை பற்றிக் கேட்கிறார்கள். வேறு யாரும் எதையும் கேட்பதில்லை.

நான் ஹானியாவோடு அடுப்படியில் படுத்துக்கொள்கிறேன். அவர் கதவைத் தட்டி, "தொறடி, நீ எம்பொண்டாட்டிதானே?" என்கிறார். அது தெரியாமல்தான் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.